மாரமங்கலத்தில் போட்ட இரண்டாவது இலை

என் அன்புள்ள அத்தைக்கு,

மாமியாருக்கு மருமகன் கடிதம் எழுதினாலே ஊர் சிரிக்கும். அதுவும் மாமியார் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எழுதினால் கேட்கவே வேண்டாம். ஷீலா பக்கத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "எங்கம்மா இருந்தப்ப ஒரு வார்த்தை ஒழுங்காப் பேசுனதில்ல, இப்ப பக்கம் பக்கமா எழுதறீங்களாக்கும்" என்கிறாள். உங்கள் மகளுக்கு உங்கள் வாய் அப்படியே வந்திருக்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. ஏற்காட்டில் இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. பஜாரில் நீங்கள் பன் வாங்குகிற கடை செல்போன் கடையாகிவிட்டது. சனி, ஞாயிறு சேலத்திலிருந்து ஏறி வருகிற கார்களால் ஏரியைச் சுற்றி நகர முடிவதில்லை. கரடியூர் வியூ பாயிண்டுக்கு ஆள் ஏற்றிப் போனால், இறங்கின உடனே போனை நீட்டிக்கொண்டு விளிம்புக்கு ஓடுகிறார்கள். நான் கத்துகிறேன். "கத்தாதீங்க மாப்ள, கேக்கற மாதிரி சொல்லுங்க" என்று முன்சீட்டிலிருந்து சொல்ல ஆள் இல்லாததால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கத்துகிறேன். உங்கள் பேத்தி நர்சிங் படிப்பில் நன்றாக இருக்கிறாள். ஊசி போட்டுப் பழக என் கையைக் கேட்டாள், கொடுக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லவா எழுதுகிறேன்? இல்லை. தை அமாவாசையன்று மாரமங்கலத்தில் ஒன்று நடந்தது. அதை யாரிடம் சொன்னாலும் கடைசியில் உங்களிடம் சொல்லவில்லையே என்று இருக்கிறது. பாஸ்டர் ஐயா இதைச் சபையின் மாத இதழில் போடுகிறேன் என்கிறார். அதனால் உங்களைத் தெரியாதவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள். லைசென்ஸைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஜீப் டிரைவருக்குப் பெண் கொடுத்தவர். உங்கள் சொந்தக்காரர்கள், "அவன் பெரிய கோவக்காரனாச்சே" என்று தடுத்தபோது, "வண்டியப் பதனமா ஓட்டறான். பொண்ணையும் பதனமா வெச்சுக்குவான்" என்றீர்களாம். ஷீலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னைப் பற்றி யாரும் அதுவரை அப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதற்காக இன்றைக்கும் உங்களைக் கும்பிடுகிறேன் அத்தை.

ஓய்வு பெற்றதும் வீட்டில் இருப்பீர்கள் என்று பார்த்தால், "நான் சும்மா உக்காந்திருக்கறதுக்கா ஆண்டவர் எனக்கு இத்தனை வாய் குடுத்தாரு?" என்று கிளம்பிவிட்டீர்கள். வியாழக்கிழமைதோறும் மலைக் கிராமங்களுக்குப் போகிற என் ஜீப்பில் காய்கறி, உரமூட்டை, பஸ்ஸைத் தவறவிட்ட ஆட்கள், எல்லோருக்கும் முன்னால் நீங்கள். நான் சரக்கு இறக்கி ஏற்றுகிற நேரம்தான் உங்கள் ஊழிய நேரம்.

நீங்கள் துண்டுப் பிரசுரம் கொடுத்து நான் பார்த்ததில்லை. யாருடைய சாமியையும் ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை. போன வீட்டில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தால் நீங்களும் உட்கார்ந்து அவரைக்காய் உரிப்பீர்கள், மிளகு உதிர்த்தால் மிளகு. கை வேலை செய்ய, வாய் இயேசுவின் கதையைச் சொல்லும். அதையும் முழுதாகச் சொல்ல மாட்டீர்கள். நல்ல இடத்தில் எழுந்து முந்தானையை உதறிவிட்டு, "மீதி அடுத்த வாரமுங்க" என்பீர்கள். டிவி சீரியல் எடுக்கிறவர்கள் உங்களிடம் வந்து பாடம் படிக்கணும் என்று நான் கிண்டல் செய்தால், "ஒரே நாள்ல முழுசாச் சொல்லிப்போட்டா அடுத்த வாரம் காப்பி குடுப்பாங்களா மாப்ள?" என்று கேட்பீர்கள்.

மாரமங்கலத்தில் உங்கள் கதைக்கு ஒரே ஒரு ஆள், சின்னப்பொண்ணு அக்கா. சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறிய கணவர் ஏணியோடு விழுந்து இறந்துபோனதிலிருந்து யாரோடும் அதிகம் பேசாமல் இருந்த மனுஷி. உங்களிடம் மட்டும் கேள்வியாகக் கேட்டது. மாட்டுக்கொட்டாயில் பிறந்த பிள்ளைக்குக் குளிராதா? படகில் தூங்கினாரே, புயலில் எப்படித் தூக்கம் வந்தது? அத்தனை பேருக்கு மீனும் அப்பமும் கொடுத்தாரே, அவர் சாப்பிட்டாரா? ஜீப்பில் திரும்பும்போது அந்தக் கேள்விகளை எனக்குச் சொல்லிச் சொல்லி மகிழ்வீர்கள்.

கடைசியாக நாம் போனது கார்த்திகை மழையில். அன்றைக்குச் சிலுவை வரைக்கும் வந்துவிட்டீர்கள். உடலை இறக்கி, துணி சுற்றி, கல்லறையில் வைத்து, பெரிய கல்லை உருட்டி மூடிவிட்டார்கள் என்று சொன்னபோது நான் வாசலில் நின்றிருந்தேன். சின்னப்பொண்ணு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. நீங்கள் எழுந்தீர்கள். "மீதி அடுத்த வாரமுங்க." இறங்குகிற வழியில் கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம், எனக்குப் பாதை தெரியவில்லை, நீங்களோ சிரித்துக்கொண்டே வந்தீர்கள். "அடுத்த வாரம் மீதியச் சொல்றப்ப அவ மொகத்தப் பாக்கோணும் மாப்ள. அதுக்காகவே இத்தனை நாளா இழுத்துட்டு வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல். சேலத்து ஆஸ்பத்திரி. அடுத்த வியாழன் வருவதற்குள் உங்களையும் நாங்கள் மண்ணில் வைத்துவிட்டு வந்தோம்.

பாஸ்டர் ஐயா என்னைக் கூப்பிட்டார். "சுவிசேஷம் சொல்லுங்கன்னு ஆண்டவர் சொன்னது எல்லோருக்கும்தான் தேவராஜ். அம்மா போன ஊர்களுக்கு இனி நீங்க போங்களேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வண்டி எத்தனை வேணாலும் ஓட்டறேனுங்க ஐயா. பேசறதுக்கு ஆளப் போடுங்க." சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால், வண்டியை நகர்த்தி நிறுத்திவிட்டு வருகிறேன் என்று வெளியே போகிற ஆள் நான் என்பது ஊருக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும், நீங்கள் ஒரு நாளும் என்னைக் கடிந்ததில்லை. ஐயாவும் ஆள் தேடினார். வியாழக்கிழமையில் யாருக்கு ஒழிகிறது? அந்தப் பயணம் அப்படியே நின்றுபோனது. சின்னப்பொண்ணு அக்காவுக்கு மீதிக் கதையை யாராவது சொல்லியிருப்பார்கள், உலகத்துக்கே தெரிந்ததுதானே என்று நான் இருந்துவிட்டேன்.

தை அமாவாசைக்கு முதல் நாள் அந்த அக்காவே, டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்து போன் செய்தது. "மொளகு மூட்டை கெடக்குதுங்க தம்பி, சேலத்துக்குப் போவோணும். வண்டி வருங்களா?" மறுநாள் மத்தியானம் போனேன். வீடு மெழுகி, கணவர் படத்துக்குப் பூப் போட்டு, முன்னால் இலையில் படையல் வைத்திருந்தது. சோறு, பருப்பு, வடை, பாயசம். காக்காய்க்கு வைத்துவிட்டு வருகிறேன், கொஞ்சம் உட்காருங்கள் என்றது. அப்போதுதான் பார்த்தேன், பக்கத்தில் இன்னொரு இலை. அதற்குப் படம் எதுவும் இல்லை.

"ரெண்டாவது எலை யாருக்குங்க அக்கா? மாமனாருக்குங்களா?"

"இல்லீங்க. அந்தப் பையனுக்கு."

"எந்தப் பையனுங்க?"

"உங்க அத்தை சொல்லுவாங்களே, அந்தப் பையனுக்குத்தானுங்க. நொம்ப நல்ல பையன். ஆணி அடிச்சுக் கொன்னுபோட்டாங்களே." அக்கா இலை ஓரத்தைச் சரிசெய்தது. "கலியாணங்கூட ஆகாமப் போய்ச் சேந்துருச்சு. எலை போடப் புள்ளகுட்டி இல்ல. உங்க அத்தை இருந்திருந்தா அவங்க பாத்துக்குவாங்க. அவங்களும் போயிட்டாங்க. தை அமாவாசையும் அதுவுமா யாருமில்லாமப் பசியோட நிக்குமேன்னு எங்கூட்டுக்காரரு பக்கத்துலயே போட்டுட்டேன். அவருக்கும் பேச்சுத் துணையாச்சு."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது அத்தை. மறைக்காமல் சொல்கிறேன். அடுத்த நிமிஷம் சிரித்ததற்கு வெட்கமாகிவிட்டது. சபையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், அவர் பசியோடு நிற்பாரே என்று நான் ஒரு நாளாவது நினைத்திருப்பேனா?

"மீனுதான் அதுக்குப் புடிக்கும்னு தெரியுங்க. கூட்டாளிங்க அல்லாரும் மீன்காரங்கதானே. ஆனா அமாவாசைக்கு மீனு ஆவாது பாருங்க. அதான் வடை ரெண்டு சேத்து வெச்சிருக்கறேன்" என்றது அக்கா. சொல்லிவிட்டு, காக்காய்க்கு எடுத்துவைத்த சோற்றோடு வெளியே கிளம்பியது.

ஷீலாவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்று போனை எடுத்தேன். மாரமங்கலத்தில் அந்த மூலையில் டவர் எப்போது கிடைத்திருக்கிறது? பாஸ்டரைப் போய்க் கூட்டி வரலாமா என்றும் ஒரு யோசனை. அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்த அக்கா மனசில் அவர் இன்னும் கல்லுக்குப் பின்னால்தான் கிடக்கிறார், இதைச் சொல்ல இந்த வீட்டில் என்னைத் தவிர ஒரு நாதியில்லை. கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"அக்கா, கொஞ்சம் இருங்க. கதை முடியலீங்க."

"ஆளே செத்துப்போயிட்டாரு, பொதச்சாச்சு. இன்னும் என்னுங்க கதை?"

நீங்கள் கையில் வேலையோடு சொல்வீர்கள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டே ஆரம்பித்தேன்.

"மூணாம் நாளு விடியக்காலமுங்க. பொம்பளைங்க கொஞ்சப் பேரு கல்லறைக்குக் கெளம்பறாங்க. ஒடம்புல பூசறதுக்கு வாசனைச் சாமானெல்லாம் எடுத்துட்டு."

"ஆம்பளைங்க போவலீங்களா?"

"பயந்துக்கிட்டுக் கதவச் சாத்திட்டு உள்ள இருந்தாங்க."

"அதானே பாத்தேன். இவரு மரத்தடியில கெடந்தப்பவும் நாந்தான் மொதல்ல ஓடுனேன்" என்றது அக்கா.

"போற வழியெல்லாம் அந்தக் கல்ல யாரு நகத்தறதுன்னே கவலைங்க. போய்ப் பாத்தா கல்லு தள்ளிக் கெடக்குது. உள்ள ஆளக் காணோம்."

"தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"ஒரு பொம்பள அப்படித்தான் நெனச்சு அழுதுட்டு நிக்குதுங்க. பின்னால ஒருத்தரு வந்து ஏம்மா அழுவறேன்னு கேக்கறாரு. தோட்டக்காரருன்னு நெனச்சுட்டு, 'நீங்க எடுத்து வெச்சிருந்தாச் சொல்லுங்க, நான் கொண்டுட்டுப் போறேன்'னு கெஞ்சுது. அவரு அந்தப் பொம்பளையப் பேரச் சொல்லிக் கூப்புட்டாருங்க. அப்பத்தான் தெரிஞ்சுது."

"யாருங்க அது?"

"அவருதானுங்க அக்கா. உசுரோட."

நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட அந்த முகத்தை நான் பார்த்தேன் அத்தை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கையிலிருந்த சோற்றுக் கிண்ணம் சாய்ந்து பருக்கைகள் காலில் சிந்தின, அக்காவுக்கு அது தெரியவில்லை. கணவர் போனபின் அந்த முகம் அவ்வளவு இளமையாக நான் பார்த்ததில்லை. உங்களுக்குக் கிடைக்க வேண்டியது எனக்குக் கிடைத்தது. உங்கள் பங்கை எடுத்துக்கொண்டதற்குக் கோபிக்கிறீர்களா?

"வெளையாடாதீங்க தம்பி. உங்க அத்தை மேல ஆணையாச் சொல்லுங்க."

"ஆணை போடக்கூடாதுங்க அக்கா, அத்தைக்குப் புடிக்காது. ஆனா இது நெசமுங்க. நான் நம்பறேன்."

நான் நம்புகிறேன் என்று என் வாயால் ஒரு மனுஷரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரோடும் சேர்ந்து சொல்வது வேறு. இது மெழுகின தரையில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் உண்மையாகவே நம்புகிறேன்.

"பேயாட்டம் வந்திருந்தா?" என்றது அக்கா, விடுகிற ஆளா?

"கூட்டாளிங்களும் பேயின்னுதான் பயந்தாங்க. அதுக்குத்தான் அவரு, சாப்புட ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டாரு. சுட்ட மீனு ஒரு துண்டு குடுத்தாங்க. அவங்க கண்ணு முன்னாலயே தின்னாருங்க."

"மீனு. நாந்தான் சொன்னனே."

"இன்னொரு நாளு ஏரிக்கரையில அவரே நெருப்பு மூட்டி மீனு சுட்டு வெச்சாரு. வலை போட்டுக் களைச்சு வந்தவங்கள வாங்க சாப்புடலாம்னு கூப்புட்டாரு." எனக்கு அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, அப்படியே சொல்லிவிட்டேன். "செத்தவங்களுக்கு நாம எலை போடறோம். இவரு எந்திரிச்சு வந்து நமக்கு எலை போட்டிருக்காருங்க அக்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டது. "அட கடவுளே, உசுரோட இருக்கறவருக்குப் போயிப் படையல் போட்டுட்டனே. ஆகாதுங்களே. என்ன காரியம் பண்ணிப்போட்டேன், நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதுங்களா?" அவசர அவசரமாக அந்த இலையைக் கணவர் படத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, கூடத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, என் முன்னால் வைத்தது. "உக்காருங்க தம்பி. உசுரோட இருக்கறவங்க சாப்புடட்டும்."

இங்கேதான் உங்களிடம் ஒரு சந்தேகம். படைத்த சோற்றை நீங்கள் எந்த வீட்டிலும் தொட்டதில்லை. "வவுத்துக்கு ஒத்துக்காதுங்க, காப்பி மட்டும் குடுங்க" என்று யார் மனசும் நோகாமல் தள்ளிவிடுவீர்கள். நான் இலையையும் அக்காவையும் பார்த்தேன். அது செத்தவர் இலையா, இருக்கிறவர் இலையா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் ஜெபம் செய்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். தப்பென்றால் அங்கே வந்தபிறகு திட்டிக்கொள்ளுங்கள். வடை நன்றாக இருந்தது.

அக்கா சாப்பிடவில்லை. எதிரில் உட்கார்ந்து கணவர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"அப்பிடீன்னா எங்கூட்டுக்காரரு?"

கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அக்காவின் மனசு குளிர்ந்திருக்கும். ஆனால் எனக்கு அது தெரியாதே. தெரியாததற்கு வாக்குக் கொடுக்க நான் யார்?

"எனக்குச் சொல்லத் தெரியலீங்க அக்கா. பொய் சொல்ல மாட்டேன். எங்க அத்தைய மறுபடியும் பாப்பேன்னு நான் நம்பறதே, அவரு எந்திரிச்சாருங்கற ஒண்ண வெச்சுத்தான். உங்க ஊட்டுக்காரரப் பத்தி நீங்க அவருகிட்டயே கேளுங்க. கேட்டாக் காது குடுக்க அவரு உசுரோட இருக்காருங்க."

அக்கா தலையை ஆட்டியது. சமாதானமா, இல்லையா, எனக்குப் புரியவில்லை. சிந்தினதைக் கூட்டிவிட்டு, புதுச் சோறு எடுத்துக்கொண்டு போய்க் காக்காயைக் கூப்பிட்டு வைத்துவிட்டு வந்தது. நான் மூட்டைகளை ஏற்றினேன். "அடுத்த தடவ வர்றப்ப முன்னாடியே சொல்லுங்க, மீனு வாங்கி வெக்கறேன்" என்றது. அது எனக்கா, அவருக்கா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜீப்பைத் திருப்ப அங்கே இடம் போதாது என்று உங்களுக்குத் தெரியும். முன்னும் பின்னுமாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. சின்னப்பொண்ணு அக்கா வேலி ஓரம் நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கீழ் வீட்டைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தது. கணவர் போனதிலிருந்து வாசலுக்கு வந்து யாரையும் கூப்பிடாத மனுஷி அத்தை.

"ஏனுங் ராசாத்தியக்கா! கொஞ்சம் இங்க வாங்க. நான் நெனச்சு நெனச்சு அழுதனே, ஒரு பையன். அவன் எந்திரிச்சு வந்துட்டானாமா!"

கீழ் வீட்டிலிருந்து, "எந்தப் பையனுங்க?" என்று பதில் வந்தது. அக்கா வேலியைத் தாண்டி இறங்கிப் போய்க்கொண்டே, மாட்டுக்கொட்டாயில் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தது. நான் இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். படகும் புயலும் மீனும் நீங்கள் சொன்னபடியே இருந்தன. தோட்டக்காரர் என்று நினைத்த இடம் மட்டும் நான் சொன்ன மாதிரி. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன் அத்தை. துக்கமில்லை, நன்றி.

நீங்கள் அன்றைக்கே முடித்திருந்தால் எனக்கு என்ன மிஞ்சியிருக்கும்? கடைசி வரைக்கும் வண்டி ஓட்டுகிறவனாகவே இருந்திருப்பேன். பெண்ணைக் கொடுத்தீர்கள், முன்சீட்டில் உட்கார்ந்து என் கோபத்தைத் தாங்கினீர்கள், போகும்போது கதையின் நல்ல பாகத்தையும் எனக்கே விட்டுவிட்டுப் போனீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாஸ்டர் ஐயா, மாரமங்கலத்துக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறார், ஆனால் மாதம் ஒரு தடவைதான் வர முடியுமாம் என்றார். "ஆள் தேட வேண்டாங்க ஐயா, நான் போறேன்" என்றேன். அவர் காதில் சரியாக விழுந்ததா என்று என்னையே பார்த்தார். ஷீலா பின்னால் நின்று மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

வரும் வியாழன் கிளம்புகிறேன். சின்னப்பொண்ணு அக்கா வீட்டில் ராசாத்தி அக்காவும் இருப்பார்களாம், அவர்களுக்கும் கேள்வி இருக்கிறதாம். எனக்கு உங்கள் சாமர்த்தியம் கிடையாது, இழுத்துச் சொல்லவும் வராது. ஆனால் ஒன்று சொல்கிறேன் அத்தை, இதை என் வாக்காக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில், எந்த இடத்தில் ஆரம்பித்தாலும், மழை வந்தாலும், இருட்டினாலும், அவர் எழுந்து வந்துவிட்டார் என்பதைச் சொல்லாமல் நான் வண்டியை எடுக்க மாட்டேன்.

நீங்கள் நம்பிப் பெண் கொடுத்த
உங்கள் மாப்பிள்ளை,
தேவராஜ்